மட்டக்களப்பில் ஓட்ட ஒரு மவுண்டன் பைக்: புது ஹார்ட்டெயிலா, பழைய டபுள் ஷொக்கா?

வாவிக்கரை
எல்லாருக்கும் வணக்கம். நான் டவுனில் இருக்கிறேன், வயது 41, எடை 78 கிலோ, உயரம் 5 அடி 7. இருபது வருடமாக அலுவலகத்துக்குப் போய்வந்த லுமாலா சைக்கிள் இன்னும் ஓடுகிறது, அதில் குறை இல்லை. ஆனால் சனிக்கிழமை வெள்ளாப்பில் வலையிறவுப் பாலம் கடந்து வவுணதீவு, ஆயித்தியமலை பக்கம் போய் வாய்க்கால் கட்டுகளில் ஓட வேண்டும் என்று ஒரு ஆசை. உன்னிச்சைக் குளக்கட்டு வரை போக முடிந்தால் நல்லது. வருடத்தில் இரண்டு தரம் பண்டாரவளையில் மாமா வீட்டுக்குப் போவோம், அங்கே தேயிலைத் தோட்டப் பாதைகளிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். ரேஸ் ஓடப் போவதில்லை, பாறையில் இருந்து குதிக்கப் போவதுமில்லை.

கையில் இரண்டு இருக்கிறது. ஒன்று புதிய 29 இஞ்சி ஹார்ட்டெயில், அதாவது பின்னால் ஷொக் இல்லாதது: அலுமினியம் பிரேம், முன்னால் 100 மிமீ அமுங்குகிற ஸ்பிரிங் ஃபோர்க், 2x8 கியர் (முன்னால் 2 பல்லுச் சக்கரம், பின்னால் 8), ஹைட்ரோலிக் டிஸ்க் பிரேக். மற்றது ஜப்பானில் இருந்து கொள்கலனில் வந்த பழைய 26 இஞ்சி, முன்னும் பின்னும் காற்று ஷொக், 3x9 கியர். பார்க்க ராஜா மாதிரி இருக்கிறது. விலை கிட்டத்தட்ட ஒன்றுதான், இரண்டு இலட்சத்துக்குக் கொஞ்சம் மேலே போகும். "இதைப் புதிதாக எடுத்தால் மூன்று மடங்கு" என்கிறார் விற்பவர். உங்களில் யாராவது என்றால் எதை எடுப்பீர்கள்?

செயின்_ஒயில்
முதலாவது. யோசிக்கவே வேண்டாம்.

சரி, காரணமும் சொல்கிறேன், இல்லாவிட்டால் சண்டைக்கு வருவார்கள். பின் ஷொக் உள்ள சைக்கிளில் பிரேம் இரண்டு துண்டு, நடுவில் நான்கைந்து இடத்தில் மூட்டு, ஒவ்வொரு மூட்டிலும் சின்ன பேரிங். நம் ஊர் உப்புக்காற்றில் அந்தப் பேரிங் எத்தனை மழைக்குத் தாங்கும்? காற்று ஷொக்கின் உள்ளே ரப்பர் சீல் இருக்கிறது, ஓடாமல் கிடந்தாலும் அது காயும். ஃபோர்க்கின் கீழ்க்காலைக் கழற்றித் துடைத்து ஒயில் மாற்றுவதற்கு ஷொக் செய்கிற ரொக்ஷொக்ஸ் காரர்களே 50 மணித்தியால ஓட்டம் என்று கணக்குச் சொல்கிறார்கள். சனிக்கிழமை மூன்று மணித்தியாலம் ஓடினால் நாலு மாதத்தில் 50 வந்துவிடும். மட்டக்களப்பில் யார் அதைச் செய்வார்? சீல் கிட் கொழும்பில் கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

அதோடு நீங்கள் ஓடப் போவது குளக்கட்டு, கிரவல், வண்டில் பாதை. பின் ஷொக்குக்கு அங்கே வேலையே இல்லை. நீங்கள் மிதிக்கிற பலத்தில் கொஞ்சத்தைத் தின்றுவிட்டு மேலும் கீழும் ஆடிக்கொண்டிருக்கும்.

கல்லடி_26
நான் சண்டைக்கு வருகிறேன் அண்ணே 😄 26 இஞ்சியை ஏதோ செத்த பிணம் மாதிரிப் பேச வேண்டாம். 1981 இல் ஸ்டம்ப்ஜம்பர் என்ற மவுண்டன் பைக் வந்த நாளில் இருந்து உலகமே முப்பது வருடம் அதில்தான் ஓடியது. என்னிடம் உள்ளது பழைய 26 ஹார்ட்டெயில், குரோமோலி இரும்பு பிரேம், இன்றைக்கும் கல்லடியில் இருந்து களுவாஞ்சிக்குடி போய் குருமண்வெளியில் பாதை (வாவியைக் கடக்கிற மிதவை) ஏறி மண்டூருக்குப் போய்வருகிறேன். பாதையில் ஏற்றுகிறபோது தூக்கிப் பார்த்தால் தெரியும் எடை குறைந்த சைக்கிளின் அருமை.

பின் ஷொக் வேண்டாம் என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 26 ரயர், ரியூப் எந்தக் கிராமத்துக் கடையிலும் கிடைக்கும். 29 கிடைக்குமா?

செயின்_ஒயில்
கிராமத்துக் கடையில் 26 என்று தருவது எல்லாம் 26 இல்லை தம்பி. இதில் எத்தனை பேர் மாட்டுப்பட்டார்கள் தெரியுமா? சாதாரண சைக்கிளுக்கு வருகிற 26 x 1⅜ ரயரின் உள்விட்டம் 590 மிமீ. மவுண்டன் பைக் 26 இன் உள்விட்டம் 559. இரண்டிலும் 26 என்றுதான் அடித்திருக்கும். ஒரு தடவை நண்பர் ஒருவருக்கு செங்கலடிப் பக்கம் ரயர் கிழிந்து, கடைக்காரர் நல்ல மனதோடு "26 தானே, இந்தா" என்று கொடுத்ததைப் போட்டால் ரயர் ரிம்மில் தொளதொளவென்று சுற்றுகிறது, வளையல் மாதிரி. கடைசியில் லேண்ட்மாஸ்டர் உழவு மெசினில் ஏறி வந்தார்.

அதேபோல 29 என்பது 622. பெரியவர்கள் ஓடுகிற 28 x 1½ சைக்கிள் 635. அதுவும் ஏறாது. ரயர் வாங்கும்போது இஞ்சியைப் பார்க்காமல் பக்கத்தில் சின்னதாக அடித்திருக்கிற 559, 584, 622 என்ற எண்ணைப் பாருங்கள். எந்த அளவு எடுத்தாலும் ஒரு ரயர் வீட்டில் வாங்கி வைத்துவிடுவது புத்தி.

படுவான்_பொடியன்
நீங்கள் எல்லாரும் டவுன் ஆட்கள், ஷொக் பற்றியே பேசுகிறீர்கள். நான் நீங்கள் ஓட நினைக்கிற இந்தப் பக்கத்துக்காரன், சொல்கிறேன். இங்கே உங்களைக் கவிழ்ப்பது குண்டும் குழியும் இல்லை, முள். பெரும்போக வெட்டு முடிந்து பங்குனி வெயில் ஏற நெருஞ்சி காய்ந்து வரம்பெல்லாம் சிந்திக் கிடக்கும். அதன் முள் எந்தப் பக்கம் விழுந்தாலும் ஒரு கூர் மேலே பார்த்துக்கொண்டுதான் இருக்கும். போன வருடம் உன்னிச்சைக் கட்டுக்கு வந்த நாலு பேரில் மூன்று பேருக்குக் காற்றுப் போனது. ஒருவரின் முன் ரயரில் மட்டும் பதினொரு முள் எண்ணினேன். ரியூபைக் கழற்றித் தண்ணீரில் அமுக்கினால் பூவாளி மாதிரி.

தப்பிய நாலாவது ஆள் நான். ரியூப்லெஸ். ரயருக்குள் பால் மாதிரி சீலன்ட் ஊற்றி இருக்கிறது, முள்ளைப் பிடுங்கினால் ஸ்ஸ் என்று இரண்டு சுற்று, பிறகு அடைத்துக்கொள்ளும். அதனால் அண்ணே, சைக்கிள் எடுக்கும்போது ரிம் ரியூப்லெஸ் போடக் கூடியதா என்று கேளுங்கள். அது இல்லை என்றால் மற்றதெல்லாம் இருந்தும் பிரயோசனம் குறைவு.

ஒன்று, நம் வெயிலுக்கு அந்தப் பால் சீக்கிரம் காயும். பெட்டியில் ஆறு மாதம் என்று போட்டிருந்தாலும் நான் இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் வால்வைக் கழற்றி ஊற்றுகிறேன். கச்சான் காற்று வீசும் காலத்தில் இன்னும் கெதியாக. பார்க்காமல் விட்டால் உள்ளே ரப்பர் உருண்டை ஒன்று கிடந்து லொட லொட என்று சத்தம் போடும், அவ்வளவுதான்.

வாவிக்கரை
நெருஞ்சியை மறந்தே போனேன். சின்ன வயதில் காலில் குத்தியதுதான் ஞாபகம். நன்றி தம்பி. புதிய சைக்கிளில் ரிம் ரியூப்லெஸ் ரெடி என்று ஸ்டிக்கர் இருக்கிறது, ரயர் சாதாரணம், 2.1. யானைப் பயம் எப்படி?

படுவான்_பொடியன்
இருக்கிறது. காலையில் நன்றாக வெளித்த பிறகு ஆயித்தியமலை தாண்டுங்கள், பின்னேரம் நாலு மணிக்கு முன் கிறுகி வந்துவிடுங்கள். வாடியில் யாராவது இருந்தால் நின்று கேளுங்கள், இரவு எந்தப் பக்கம் இறங்கியது என்று அவர்களுக்குத்தான் தெரியும். காதில் பாட்டுப் போட்டுக்கொண்டு ஓட வேண்டாம். வீதியில் சாணி ஆவி பறக்கக் கிடந்தால் மேலே போகாமல் திரும்புங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

உகந்தைப்_பாதை
நான் அக்கரைப்பற்று. கடல் பக்கத்து விஷயத்தை யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். சைக்கிள் எடுத்தால் ஒரு நாள் கட்டாயம் கடற்கரையில் இறக்கிப் பார்ப்பீர்கள், எல்லாரும் செய்கிற பிழைதான். நம் கரையில் கடல் வற்றுவதும் பெருகுவதும் இரண்டடியைத் தாண்டாது, அதனால் படங்களில் பார்க்கிற மாதிரி அகலமான இறுகிய ஈர மணல் கிடையாது. ஒரு பாய் அகலத்துக்கு இறுகிய மணல் இருக்கும், அடுத்த அலை வந்து அதையும் நனைத்துவிட்டுப் போகும். மேலே ஏறினால் சில்லுப் புதையும். 2.1 ரயரில் உருட்டிக்கொண்டுதான் போக வேண்டும். 2.4 போட்டு, ரியூப்லெஸ்ஸில் காற்றை 18 பிஎஸ்ஐ வரை இறக்கினால் கொஞ்சம் மிதக்கும். ரியூப் போட்ட ரயரில் அவ்வளவு இறக்காதீர்கள், கல் ஒன்றில் அடித்தால் ரிம் நசுக்கி ரியூபில் இரண்டு ஓட்டை விழும், பாம்பு கொத்தின மாதிரி.

மறுகா வருவது உப்பு. நான் கோமாரிக்கரையில் ஒரு பின்னேரம் ஓடிவிட்டு வந்து களைப்பில் அப்படியே சாத்திவைத்தேன். மூன்றாம் நாள் செயின் செம்மண் நிறம், இரண்டு கண்ணி மடங்கின இடத்திலேயே நிற்கிறது. அன்றிலிருந்து வந்தவுடன் குறைந்த வேகத்தில் நல்ல தண்ணீர், துணியால் துடைப்பு, ஒயில், பிறகுதான் எனக்குத் தேத்தண்ணி. பிரஷர் வோஷரைப் பேரிங் பக்கம் காட்டவே கூடாது.

ஆனால் பொத்துவிலில் இருந்து பாணமை போய், அங்கிருந்து உகந்தை முருகன் கோயில் வரைக்கும் அந்தக் கிரவல் இருக்கிறதே, அதற்காகவே இந்த மாதிரி சைக்கிள் எடுக்கலாம். தகரத்தை மடித்து வைத்தது மாதிரி வரி வரியாக இருக்கும். அங்கே 26க்கும் 29க்கும் உள்ள வித்தியாசம் கைமணிக்கட்டில் தெரியும். பெரிய சில்லு அந்த வரிகளுக்கு மேலால் ஓடும், சின்னது ஒவ்வொன்றிலும் இறங்கி ஏறும். கல்லடித் தம்பி கோபிக்க வேண்டாம்.

கல்லடி_26
கோபமில்லை நானா. அந்த வரி ரோட்டில் நான் பல்லைக் கடித்துக்கொண்டு போனது உண்மை.

சும்மா_பார்த்தவன்
நூறு வருடமாக நம் ஆட்கள் சாதா சைக்கிளில் இரண்டு மூட்டை நெல்லைக் கட்டிக்கொண்டு இதே வரம்பில் போகிறார்கள். இவர்களுக்கு ஷொக் வேண்டுமாம், பால் வேண்டுமாம்.

செயின்_ஒயில்
அவர்கள் தள்ளிக்கொண்டு போகிறார்கள் ஐயா, ஓடிக்கொண்டு இல்லை. ஆனாலும் நீங்கள் சொல்வதில் பாதி சரி. வெறும் கிரவலுக்கு மட்டும் என்றால் ஃபோர்க்கே தேவையில்லை, அகல ரயர் போட்ட ஒரு நல்ல சாதா சைக்கிளே போதும். அவர் பண்டாரவளையும் கேட்கிறார், அதுதான் பிரச்சினை.

ஐந்தடி_ஒன்று
களுவாஞ்சிக்குடியில் இருந்து எழுதுகிறேன். ஒரு ஆணும் கேட்காத கேள்வி: பிரேம் சைஸ் என்ன? என் உயரம் 5 அடி 1, எடை 50. இரண்டு வருடத்துக்கு முன் கடையில் "மிஸ், சீட்டைப் பதித்தால் சரியாகிவிடும்" என்று 17 இஞ்சி பிரேமைத் தலையில் கட்டினார்கள். சீட் பதிந்தது, ஹாண்டில் கிட்ட வரவில்லையே. ஒரு மணித்தியாலம் ஓடினால் கழுத்தும் தோளும் கல்லாகிவிடும். மணலில் திடீரென்று நின்றால் கால் ஊன்ற முடியாமல் நடுக்குழாயில் மோதுவேன். விற்றுவிட்டு 13.5 எடுத்த பிறகுதான் சைக்கிள் ஓட்டுவது சுகம் என்று தெரிந்தது.

வாவிக்கரை அண்ணா, உங்கள் உயரத்துக்கு மீடியம் சரியாக இருக்கும், ஆனால் கேட்டு எடுக்க வேண்டாம், ஏறிப் பார்த்து எடுங்கள். சப்பாத்தோடு நடுக்குழாய்க்கு மேல் கால் அகட்டி நின்றால் இரண்டு இஞ்சியாவது இடைவெளி இருக்க வேண்டும். பெடல் கீழே இருக்கும்போது குதிக்கால் வைத்தால் முழங்கால் நேராக வேண்டும். அந்த நிலையில் உட்கார்ந்து ஹாண்டிலைப் பிடித்தால் முழங்கை கொஞ்சம் மடிந்திருக்க வேண்டும். ஜப்பான் பழையது எந்த சைஸ் என்று விற்பவருக்கே தெரியாமல் இருக்கும்.

இன்னொன்று, மலிவு ஸ்பிரிங் ஃபோர்க்கில் உள்ள ஸ்பிரிங் நடுத்தர எடைக்கு வைத்தது. என் எடைக்கு அது அசையவே இல்லை, இரண்டரைக் கிலோ இரும்பைச் சும்மா சுமந்தேன். காற்று ஃபோர்க் என்றால் எடைக்கு ஏற்றபடி பம்பால் காற்றைக் கூட்டிக் குறைக்கலாம்.

வாவிக்கரை
தங்கச்சி, நீங்கள் எழுதியதைப் பார்த்துவிட்டு இன்று இரண்டிலும் ஏறிப் பார்த்தேன். பழையது எனக்குப் பெரிது. புதியது மீடியம், நீங்கள் சொன்ன இடைவெளி இருக்கிறது. அப்போ பழையது வெட்டு. இனி புதியதைப் பற்றி மட்டும் கேட்கிறேன். ஹைட்ரோலிக் பிரேக் இங்கே கெட்டுப்போனால் என்ன செய்வது? கம்பி இழுக்கிற டிஸ்க் என்றால் சைக்கிள் திருத்துகிற எந்த பாஸும் இறுக்கித் தருவார் இல்லையா? 2x8 கியர் மலைக்குப் போதுமா? பின்னால் கசெட்டா, பிறீவீலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

செயின்_ஒயில்
பிரேக் பற்றி என் கதை ஒன்று. ஷிமானோ ஹைட்ரோலிக் பிரேக்கில் ஓடுவது மினரல் ஒயில். அதில் கொஞ்சம் இறங்கிவிட்டது, லீவர் ஸ்பொஞ்சு மாதிரி ஆனது. ஒரு மோட்டார் சைக்கிள் கராஜில் விட்டேன். பையன் கெட்டிக்காரன், ஆனால் அவனுக்குத் தெரிந்தது டொட் பிரேக் ஒயில், அதை ஊற்றி நிரப்பி, சும்மா கல் மாதிரி இறுக்கித் தந்தான். ஒரு கிழமை அருமை. பிறகு லீவரை விட்டால் திரும்பி வரவில்லை. கழற்றினால் உள்ளே ரப்பர் எல்லாம் ஊதிப் பணியாரமாகக் கிடக்கிறது. முன்னும் பின்னும் புதிது வாங்கினேன். பிழை அவனுடையது இல்லை, சொல்லி விடாதது நான். நீங்கள் எடுத்த நாளே லீவருக்குக் கீழே பெயின்ட் பேனாவால் "மினரல் ஒயில் மட்டும்" என்று எழுதிவிடுங்கள், ஒரு சின்னப் போத்தலும் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றபடி பல வருடம் தொடத் தேவையில்லை. பண்டாரவளை இறக்கத்தில் ஒரு விரலால் நிற்கும்போது கம்பி பிரேக்கை மறந்துவிடுவீர்கள்.

கசெட்டா பிறீவீலா என்பதுதான் நீங்கள் கேட்டதிலேயே நல்ல கேள்வி. பிறீவீல் என்றால் பல்லுத் தொகுதி முழுவதும் ஹப்பில் மரையாகத் திருகி இருக்கும், அதனால் அச்சைத் தாங்குகிற பேரிங் உள்ளே தள்ளிப்போய், உங்கள் எடைக்கும் குண்டுக்கும் அச்சு வளையும். கசெட் என்றால் பேரிங் ஓரத்தில் இருக்கும், வளைவது குறைவு. 7 கியர் என்றால் பெரும்பாலும் பிறீவீல். 8 இல் இரண்டும் வரும், ஆகவே கடைக்காரரிடம் மொடல் இலக்கம் கேட்டுத் தேடிப் பாருங்கள்.

கியர் 2x8 தாராளம். ஒற்றைச் செயின்வீல்தான் இப்போது மோஸ்தர், 32 பல்லு முன்னால், 11இலிருந்து 51 வரை பின்னால். கணக்குப் பார்த்தால் 29 சில்லில் 32க்கு 11 போட்டு நிமிடத்துக்கு 90 தரம் மிதித்தால் மணிக்கு 36 கிலோமீற்றர் வரும். நம் தட்டை நிலத்தில் அதற்கு மேல் காற்று விடாது. மறுபக்கம் 32க்கு 51 என்றால் மெதுவாக 60 தரம் மிதித்தும் 5 கிலோமீற்றரில் ஏறலாம், நடக்கிற வேகம். உங்கள் 2x8இல் முன் சின்னது 22, பின் பெரியது 34 என்றால் கிட்டத்தட்ட அதே எளிது. அதோடு 8 கியர்ச் செயின் மலிவு, எங்கேயும் கிடைக்கும். 12 கியர்ச் செயின் அறுந்தால் அதற்கென்றே இணைப்பு வேண்டும்.

கடைசியாக ஒன்று: முன் தலைக்குழாய் கீழே அகன்று, மேலே ஒடுங்கி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பிறகு ஒரு நாள் காற்று ஃபோர்க் மாட்டலாம். இரண்டு பக்கமும் ஒரே ஒடுக்கம் என்றால் நல்ல ஃபோர்க் கிடைப்பது கஷ்டம்.

வாவிக்கரை
கசெட் தான், தலைக்குழாயும் கீழே அகன்றது. ரயரை 2.25 ஆக மாற்றித் தருவதாகச் சொன்னார், வித்தியாசக் காசு மட்டும் கொடுத்தேன். இன்று பின்னேரம் எடுத்துவிட்டேன்! பழைய கல்லடிப் பாலத்தில் போய்த் திரும்பினேன். பாலத்தில் நின்ற பொடியன் ஒருவன் "அங்கிள், எத்தனை கியர்?" என்றான், 16 என்றேன், "எங்கட அண்ணனுக்கு 21" என்று போய்விட்டான்.

ரியூப்லெஸ் அடுத்த மாதச் சம்பளத்தில். இப்போது ரியூபோடு முன்னால் 28, பின்னால் 31 பிஎஸ்ஐ காற்று அடித்திருக்கிறேன். சரியா?

செயின்_ஒயில்
உங்கள் எடைக்குச் சரி. வால்வு எது, மெல்லியதா தடித்ததா?

வாவிக்கரை
மெல்லியது, நுனியில் சின்னத் திருகாணி உள்ளது.

படுவான்_பொடியன்
அது பிரெஸ்டா. ஆயித்தியமலைக் கடையில் காற்றடிக்க வாய் பொருந்தாது அண்ணே. பித்தளையில் சின்ன அடெப்டர் ஒன்று வரும், அதை வாங்கி வால்விலேயே திருகி வைத்துக்கொள்ளுங்கள், பொக்கெற்றில் போட்டால் துலையும். சனிக்கிழமை ஐந்தரைக்கு வலையிறவுப் பாலத்தடியில் நிற்கிறேன். ஒட்டுச் சாமானும் ஒரு உபரி ரியூபும் கொண்டுவாருங்கள்.

வாவிக்கரை
ரியூப் வாங்கிவிட்டேன் தம்பி. 29 இல்லை என்று 28 தந்தார்கள், இழுபடுமாம். 28 x 1½ என்று பெட்டியில் போட்டிருக்கிறது.

கல்லடி_26
😄😄😄

செயின்_ஒயில்
மேலே நான் எழுதினது யாருக்கு?

ரியூப் என்றபடியால் அவசரத்துக்கு உள்ளே போகும், ரயர் மாதிரி இல்லை. ஆனால் ஒன்றரை இஞ்சி ரப்பரை இரண்டேகால் இஞ்சிக்கு ஊதினால் பலூன் மாதிரி மெலியும், அதில் நெருஞ்சி. வால்வும் தடித்தது, உங்கள் ரிம் ஓட்டைக்குள் நுழையாது. அதைப் பழைய லுமாலாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் 29 ஒன்று கிடக்கிறது, வெள்ளிக்கிழமை வந்து எடுங்கள்.